தூக்கத்துக்கு மதிப்பெண்

"ஆறு மணி நேரம் தூங்கினா கரெக்டா நாலு சுழற்சி. அதுக்கு மேல தூங்குறது வேஸ்ட் பாஸ்." மென்பொருள் வட்டாரத்தில் இதை வேதவாக்கு மாதிரி சொல்கிறவர்கள் நிறைய. 90 நிமிட மடங்கில் அலாரம் வைக்கும் செயலிகள் வேறு. இந்தக் கணக்கு தப்பு. அதிலும் யாருக்கோ வசதியான தப்பு.

தூக்கம் இரவு முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. லேசான உறக்கம், அதைவிடச் சற்றுக் கனத்தது, ஆழ்ந்த உறக்கம், பிறகு மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் கனவு உறக்கம் என்று மாறி மாறி வருகிறது. இந்தக் கடைசி வகையை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும் அறிவித்தார்கள். ஒரு சுற்றுக்கு 90 நிமிடம் என்பது சராசரிதான். முதல் சுற்று 70 நிமிடத்திலும் முடியலாம், பின்னால் வருவது 120 வரையும் போகலாம்.

சுற்றுகளும் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிடும். கனவு உறக்கமோ முதல் சுற்றில் சில நிமிடம்தான். விடியலை நெருங்க நெருங்க நீளும். எட்டு மணி நேரத் தூக்கத்தில் கடைசி இரண்டு மணியை வெட்டினால் தூக்கத்தில் கால்வாசி போகும். கனவு உறக்கத்தில் அதைவிட அதிகம் போகும். எந்தப் பக்கம் பிய்த்தாலும் ஒரே ருசி என்பதற்கு இரவு என்ன இட்லியா?

அடுத்தது கைக்கடிகாரம். உறக்க ஆய்வகத்தில் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை மூன்றையும் பதிவுசெய்து, 30 விநாடிக்கு ஒருமுறை எந்த நிலை என்று தீர்மானிக்கிறார்கள். கடிகாரத்திடம் இருப்பது முக்கியமாக உடல் அசைவும் நாடித்துடிப்பும். அதை வைத்து அது ஊகிக்கிறது. நிரல் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன்: ஊகத்தை வண்ணப் பட்டையாக வரைந்து சதவீதம் போட்டுவிட்டால், பார்ப்பவர் அதை அளவீடு என்றே நம்புவார். இந்த மதிப்பெண்ணை நினைத்து நினைத்தே தூக்கம் கெடுகிறவர்களைக் கண்ட அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 2017இல் அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் நிறுவனம் ஊழியர் நலத் திட்டமென்று ஒரு செயலி கொடுத்திருக்கிறது. நன்றாகத் தூங்கினால் புள்ளிகள். அதே நிறுவனத்தின் நாட்காட்டியில் இரவு பத்தரைக்குக் கலிஃபோர்னியாவோடு கூட்டம். மறுநாள் காலை ஆறரைக்கு அலுவலகப் பேருந்து. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகளே 2015இல் சொல்லிவிட்டன. இந்த அட்டவணையில் அந்த ஏழு மணி எங்கே இருக்கிறது? தூக்கத்தைப் பறிப்பது அட்டவணை. மதிப்பெண் குறைவது ஊழியருக்கு. "நாலு சுழற்சி போதும்" என்ற கணக்கு யாருக்கு வசதி என்று இப்போது புரிந்திருக்கும்.

எங்களுக்குப் புள்ளிகள் வேண்டாம். கூட்டத்தை மாலை ஏழுக்கு மாற்றுங்கள். கோடையில் அங்கே அப்போது காலை ஆறரை. கஷ்டம்தான். ஆறு மாசம் அவங்க சீக்கிரம் எழுந்துக்கட்டும், ஆறு மாசம் நாங்க முழிச்சிருக்கோம்.