குடும்பப் பக்கம்: பவுண் காசும் பேரமும்

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பிரித்தானியப் பவுண் காசை இணையத்தில் விற்க விளம்பரம் போட்டால், உடனே "கடைசி விலை என்ன?" என்று கேட்பார்கள். பதில் எழுதுமுன் அடிவிலையைக் கணக்குப் பாருங்கள்.

முழுப் பவுண் காசு 22 கரட், நிறை 7.98 கிராம். அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். இதை அன்றைய ஒரு கிராம் சுத்தத் தங்கத்தின் விலையால் பெருக்குங்கள். அதுவே அடிவிலை.

"காசு தேய்ந்துவிட்டது" என்று குறைப்பவரும் உண்டு. தராசில் நிறுத்துப் படம் போடுங்கள்; அந்தப் பேச்சு அடங்கும். தாலிக்கொடியில் கோர்க்க வளையம் ஒட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். சேகரிப்போர் அதற்குக் கூடக் கொடுக்கமாட்டார்கள். ஆனாலும் தங்கத்தின் பெறுமதி குறையாது.

அடிவிலைக்குக் கீழே கேட்பவருக்கு "மன்னிக்கவும், கட்டாது" என்ற ஒரு வரி போதும். வாதாட வேண்டாம். உங்கள் பணமுடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேரம் பேசுபவருக்கு அதுதான் பிடி.