செருப்பு கழன்றது தெரியலையா? உஷார்!

தோசைக்கல்லில் விரல் பட்டதும் கை சட்டென்று பின்வாங்குகிறதே... அந்த உத்தரவு மூளையிலிருந்து வருவதில்லை. தண்டுவடமே போட்டுவிடுகிறது. ‘ஆ, சுடுது!’ என்று மூளைக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான். காலில் முள் குத்தினாலும் இதே கதைதான், தகவல் சொல்லும் நரம்பு நன்றாக இருக்கும்வரை.

தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 ஜோடி நரம்புகளில், கால் விரல்வரை போகிறவைதான் ரொம்ப நீளம். சர்க்கரை பல வருடம் எகிறிக்கிடந்தால் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவதும் இவைதான். ஆரம்பத்தில் எரிச்சல், மதமதப்பு. பிறகு செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்? சிலருக்கு விரலையே எடுக்க வேண்டியதாகிவிடுகிறது.

சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். (பேரன், பேத்தி இருந்தால் அவர்களிடமே ஒப்படைத்துவிடலாம்!) வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.