கடல் காணாத கடற்கல்வி

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஜேடர்பாளையத்தில் காவிரிப் படுகை அணையின் அருகே நாம் நின்றுகொண்டிருந்தோம். அல்லாள இளைய நாயகர் வெட்டுவித்த ராஜ வாய்க்கால் புறப்படும் இடம் அது. விடுமுறை நாளாகையால் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து, ஆற்றில் குளித்து, கரையில் பொரித்து விற்கும் மீனை வாங்கித் தின்று, வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு போய்க்கொண்டிருந்தனர். அக்கூட்டத்தில் நம்மை அடையாளம் கண்டுகொண்ட ஒரு மாணவி வந்து வணங்கினார். இந்த ஜில்லாவில் ஒரு கலாசாலையில் பிராணி சாஸ்திரத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிறார். தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஏனுங்க ஐயா, கடலுக்கே போயி நின்னு படிக்கோணும்னா யாருக்கு எழுதிப் போடறதுங்க?"

இருபது வருஷம் கோர்ட்டில் பேசிப் பழகியவர்கள் பதில் தெரியாமல் நிற்பது சாதாரணமாக நேர்வதில்லை. அன்று நாம் நின்றோம்.

அம்மாணவி கடல் நட்சத்திரத்தின் உட்பாகங்களைப் படம் போட்டுப் பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறார். கடல் முள்ளெலி, நண்டு, கணவாய் எல்லாவற்றையும் பார்மலின் ஜாடிகளில் பார்த்திருக்கிறார். பழைய ஜாடியில் அவை யாவும் ஒரே பழுப்பு நிறமாகவே இருக்கும். கடலை அவர் இதுவரை கண்டதில்லை. இதில் அவருடைய குற்றம் ஒன்றுமில்லை. அவருக்குப் பாடம் சொன்ன உபாத்தியாயர்களிலும் சிலர் அதே ஜாடிகளில் படித்துப் பட்டம் பெற்றவர்களே என்று கேள்விப்படுகிறோம். நாம் சட்டம் படித்த காலத்தில் சென்னைக் கடற்கரையில் தினந்தோறும் உலாவினோம். கடல் நமக்குக் காற்று வாங்கும் இடமாக இருந்ததேயன்றி அதில் அறிய வேண்டியது ஏதும் உண்டென்று தோன்றியதில்லை. ஆகவே அம்மாணவியைப் பார்த்துப் பெருமை கொள்ள நமக்கு யோக்கியதை இல்லை.

"சேலம், நாமக்கல் ஜில்லாக்காரர்களுக்குக் கடல் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பூகோள சாஸ்திரத்தைச் சற்றே கவனிக்கட்டும். ஜேடர்பாளையத்து அணையைத் தாண்டிச் செல்லும் நீர் மோகனூரைக் கடந்து முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. அதில் வடகிளையாகிய கொள்ளிடம் பழையாறு என்னும் மீனவர் ஊரின் அருகே கடலில் சேருகிறது. அதற்குச் சற்று வடக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. அதற்கும் வடக்கே, பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்கிறது. அந்த வெள்ளாறோ நம் மலைகளின் குழந்தை. ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும், கொல்லி மலையின் கீழ்ச்சரிவில் பிறந்து தம்மம்பட்டி வழியாக வரும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறு ஆகின்றன. நம் ஜில்லாவின் மழைநீர் இரண்டு வழியாகச் சென்று ஒரே கடற்கரையில் இறங்குகிறது. ஒரு காலத்தில் கடலும் நம்மை நோக்கி ஏறி வந்தது. உல்லம் என்று மீனவர் சொல்லும் ஹில்சா மீன் முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து கொள்ளிடத்திலும் காவிரியிலும் எதிர்நீச்சல் போட்டு வரும். 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் அந்த மீன்வளம் குன்றிப் போயிற்று.

போக்குவரத்து அத்துடன் நின்றுவிடவில்லை. நாமக்கல் முட்டை தேசம் முழுவதும் போகிறது. அந்தக் கோழிகளின் தீவனத்தில் மீன் தூளும் கருவாட்டுத் தூளும் சேர்வதைப் பண்ணைக்காரர்கள் அறிவார்கள். இழுவலைகளில் நல்ல மீனோடு சிக்கும் பொடி மீன்களும், வளர்ந்து பெரிதாகியிருக்க வேண்டிய மீன்குஞ்சுகளும், கழிவு மீன் என்ற பெயரால் மணலில் உலர்த்தப்பட்டுத் தீவன ஆலைகளுக்குப் போகின்றன. கடலின் நாளைய விளைச்சல் இன்றைக்கே கோழிக்கு இரையாகிறது என்று சொல்லலாம். நாம் திரும்பக் கொடுப்பது என்ன? சேலத்துச் சாக்கடையைச் சுமந்துவரும் திருமணிமுத்தாறும், கரையோரச் சாயப் பட்டறைகளின் கழிவும் காவிரியில் கலந்து கீழே போகின்றன. இவ்வளவு கொடுக்கல் வாங்கல் உள்ள ஓரிடத்தைப் பற்றி நம் ஜில்லாப் பிள்ளைகள் ஜாடியில் மட்டும் படித்தால் போதுமா?

இனி, படிக்கத் தக்க இடங்கள் இல்லையா என்று பார்த்தால், ஏராளமாக இருக்கின்றன. முதலில் சொல்ல வேண்டியது பரங்கிப்பேட்டை. அண்ணாமலைச் சர்வகலாசாலையின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் கரையிலேயே இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் முகத்துவாரம் வாசலிலே. சுரபுன்னைக் காடு கூப்பிடு தூரத்திலே. மீன் இறங்கு துறை பக்கத்திலே. ஆர். வி. சேஷய்யா போன்ற பெரியோர் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. ஏற்றவற்றத்தின்போது உப்பு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒரு மாணவர் ஒரே பகலில் தம் கையாலேயே அளந்து அறியலாம். மிகச் சிறு கண்களுள்ள வலையை ஒரு நாழிகை இழுத்து, அகப்பட்டதைப் பூதக்கண்ணாடியில் வைத்தால், நண்டும் இறாலும் குழந்தைப் பருவத்தில் எந்த உருவத்தில் இருக்கின்றன என்று கண்ணால் காணலாம். நூறு பக்கம் நெட்டுருப் போட்டாலும் வராத ஞானம் அது. பிச்சாவரம் 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டது. உல்லாசப் பிரயாணிகளுக்கு அங்கே தினமும் படகு ஓடுகிறது. அதே படகில் ஒரு வகுப்பு மாணவர்கள் ஏறிச் சேற்றையும் வேரையும் ஆராய ஏற்பாடு செய்வது மகா கடினமான காரியமா?

அடுத்தது மண்டபம். 1947 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-ல் மண்டபம் முகாமுக்குச் சென்றது. தலைமை ஸ்தலம் 1971-ல் கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டபத்து நிலையம் இன்றும் வேலை செய்கிறது. இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலி ஜனங்களை நிறுத்தி வைத்துச் சோதித்து அனுப்பிய இடம் அந்த மண்டபம் முகாம். அப்படிச் சென்றவர்களில் சேலம், திருச்சி ஜில்லாக்களின் ஏழைக் குடியானவர்கள் எத்தனையோ பேர். நம் முப்பாட்டன்மார் கண்ட கடற்கரை அதுதான். அவர்கள் அதைக் கண்டது கப்பலுக்குக் காத்திருந்த கூலிகளாக. அவர்களுடைய வம்சத்தார் அதே கரைக்கு மாணவர்களாகப் போக வேண்டுமென்று நாம் ஆசைப்படுவது மிகையாகாது.

மண்டபத்தின் எதிரே குருசடைத் தீவு. 1927-ல் சென்னை மியூசியம் அத்தீவின் கரையோரப் பிராணிகளைப் பற்றித் தனி வெளியீடு ஒன்று கொண்டுவந்தது. பாடப்புத்தகங்களில் தவறாமல் வரும் பலானோகிளாஸஸ் என்ற பிராணி, முதுகெலும்புள்ள பிராணிகளின் தூரத்து உறவாகிய அந்தப் புழு, குருசடையின் மணலில் வாழ்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கலாசாலை மாணவர்கள் அதைத் தேடி அங்கே சென்றனர். சென்றவர்கள் ஆளுக்கொரு ஜாடி நிறைய எடுத்துவந்ததும் உண்மையே. 1986-ல் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் தேசீயப் பூங்காவாயின. வன இலாகாவின் அனுமதியின்றி இறங்கக் கூடாது. இக்கட்டுப்பாட்டை நாம் ஆதரிக்கிறோம். பவளப் பாறைகள் மாணவர் காலால் மிதிபட்டாலும் நொறுங்கும். ஆனால் எடுக்காமல் பார்த்துப் படிப்பது எப்படி என்று கற்பிப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். ஒரு பருவத்தில் குறித்த சில தினங்களை, ஒரு வனக் காவலரின் மேற்பார்வையில், உள்நாட்டு ஜில்லா மாணவர்களுக்கென ஒதுக்குவதில் இலாகாவுக்கு என்ன நஷ்டம்?

சென்னையில் மாணவர்களே நடத்தும் காரியம் ஒன்று உண்டு. 1988 முதல் மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவு முழுவதும் மணலில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 2025 ஜனவரியில் அதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றை எண்ணிக் கணக்கெடுக்கவும் கரையில் நடப்பவர்கள் வேண்டியிருந்தார்கள். இதற்குப் பட்டமோ பரீட்சையோ தேவையில்லை. காலும் கண்விழிப்பும் போதும். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது; நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளச் சர்வகலாசாலையே இருக்கிறது. பாக் நீரிணையில் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ல் காப்பகமாயிற்று. ஆழ்கடல் ஆராய்ச்சிக்கென மத்திய சர்க்கார் 2021-ல் 4,077 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் வாகனத்தைச் சென்னையிலுள்ள சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனம் தயாரித்து வருகிறது. இவ்வளவு வேலைக்கும் ஆட்கள் எங்கிருந்து வரப்போகிறார்கள்?

நிற்க. இத்தனை இருந்தும் அம்மாணவிக்கு ஒன்றும் தெரியாமல் போனது ஏன்? விளம்பரங்கள் இங்கிலீஷில் வருகின்றன; இணையத்தில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கின்றன. கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது என்பது வாஸ்தவம். எதைத் தேடுவது என்று தெரிந்தவனுக்கல்லவா அது உதவும்? இன்னொரு தடையும் உண்டு. பெரிய நிலையங்களுக்கு எழுதும் கடிதத்தோடு கலாசாலைத் தலைவரின் சிபாரிசு வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு மாணவர் அச்சிபாரிசுக்காக ஒரு கலாசாலையில் மூன்று வாரம் அலைந்தார். கையெழுத்து வந்தபோது கெடு கடந்துவிட்டது. பணமும் ஒரு தடை. அரசுப் பள்ளியில் படித்துக் கலாசாலைக்கு வந்த பெண்களுக்கு மாநில சர்க்கார் 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. அது பஸ் சார்ஜுக்கு ஆகலாம்; பதினைந்து நாள் தங்கிச் சாப்பிட ஆகாது. பெண்ணைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்குவதை நாம் பழிக்க மாட்டோம். போகுமிடத்தில் விடுதி உண்டா, கூட ஓர் ஆசிரியை வருகிறாரா என்று அவர்கள் கேட்பது நியாயமே. தெரிந்தவர் ஒருவர் உள்ளே இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டும் இவை எல்லாம் தாமாகவே நடந்துவிடுகின்றன.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1872-ல் ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானியர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஸ்தாபித்தார். அதை நடத்தப் பணம் வேண்டுமே. அவர் மேஜைகளை வாடகைக்கு விட்டார். ஒரு சர்வகலாசாலையோ ராஜ்யமோ வருஷ வாடகை கட்டினால், அது அனுப்பும் ஆளுக்கு ஒரு மேஜை, ஓடும் கடல் நீர், வேண்டிய பிராணிகள், மருந்துகள், கருவிகள் யாவும் தயாராக இருக்கும். கடலே இல்லாத பவேரியாவும் ஸாக்ஸனியும் இப்படி மேஜை வைத்திருந்தன. அமெரிக்க மாதர் சிலர் 1898-ல் ஒரு சங்கம் கூடிப் பெண் ஆராய்ச்சியாளர்களுக்கென்றே அங்கே ஒரு மேஜையை வாடகைக்கு எடுத்தார்கள். சிபாரிசு தேடி அலைய வேண்டியதில்லை. மேஜை நம்முடையது, யார் போகிறார் என்பதே கேள்வி.

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் கலாசாலைகள் ஒன்றுகூடிப் பரங்கிப்பேட்டையில் அப்படி ஒரு மேஜை வைத்துக்கொள்ளட்டும். ஒரு கலாசாலை தன் ஆண்டு விழாப் பந்தலுக்கும் சால்வைக்கும் செய்யும் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும். எட்டுப் பேராகப் பதினைந்து நாள் முறை வைத்து, ஓர் ஆசிரியையோ ஆசிரியரோ கூடச் செல்ல, மாணவர்கள் போய் வரட்டும். காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோடை விடுமுறையில் அனுப்பலாம் என்று நிர்வாகிகளுக்கு உடனே தோன்றும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். இறங்கும் மீனைப் பார்த்துப் படிக்க வேண்டுமானால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போக வேண்டும். அதற்குக் கால அட்டவணையில் இடம் கொடுக்கச் சர்வகலாசாலை சம்மதிக்க வேண்டும். அந்நாட்களை வராத நாட்களாகக் கணக்கிட்டால் எந்த மாணவரும் போகமாட்டார்.

மேலும் ஒன்று. அங்கே பாடம் சொல்ல டாக்டர் பட்டம் பெற்றவர்கள் மட்டும் போதாது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதனதன் குணத்தையும் எந்தக் காற்றில் எந்த மீன் என்பதையும் சொல்லக்கூடிய முதிய மீனவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். அவரை அழைத்து, மாணவர் நடுவே உட்கார வைத்து, நாட்கூலி கொடுத்துச் சொல்லச் சொல்ல வேண்டும். தயவு செய்து கூலியை மறக்க வேண்டாம். கௌரவத்துக்காக ஒரு நாள் மீன்பிடிப்பை விட அவருக்குக் கட்டுப்படியாகாது.

அம்மாணவிக்கு நாம் பரங்கிப்பேட்டை மையத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தோம். தமிழிலேயே கடிதம் எழுதும்படியும், அதன் நகலை நமக்கு அனுப்பும்படியும் சொன்னோம். நகல் நேற்றுத் தபாலில் வந்தது. தெளிவான எழுத்து; ஒரு பக்கம்; கேட்க வேண்டியதை மட்டும் கேட்டிருக்கிறார். பதில் கிடைத்ததும் அவருடைய சம்மதத்தோடு இப்பகுதியில் வெளியிடுவோம். மேஜை விஷயமாகக் கலாசாலை நிர்வாகிகள் எழுதும் கடிதங்களையும் பிரசுரிப்போம்.