பிரேசில் மகளிரும் கூந்தற் பேணலும்

மக்கள் யாக்கையின் உறுப்புக்களுள், அவரவர் விருப்பத்திற்கேற்ப வளர்த்தற்கும் குறைத்தற்கும் வகிர்தற்கும் பின்னுதற்கும் எளிதில் இடந்தருவது மயிர். அதனாலன்றோ பண்டைத் தமிழர் மகளிர் கூந்தலை முடித்தற்கு முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகை கண்டு, கூந்தலுக்கே ஐம்பால் என்று பெயரிட்டனர். ஆற்றுநீர் வடிந்தவிடத்து நெளிந்து கிடக்கும் கருமணலாகிய அறலை அதற்கு உவமையாக்கினர். நெளிவு அவர்க்கு அழகாய்த் தோன்றியது, குறையாய்த் தோன்றவில்லை. ஆயின், நெளிவையும் சுருளையும் குறையென்று பழித்து, அவற்றை நேராக்குதற்குத் தீயையும் நஞ்சையும் தலைமேற் கொள்ளுமாறு மகளிரைச் செய்த நாடுகளும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய பிரேசில் நாட்டின் கூந்தற் பேணலைக் குறித்து யாம் கற்றறிந்தவற்றைக் கூறி, எம் கருத்தையும் ஈண்டு வெளியிடுவோம். அஃதியாதெனின், கூந்தலைப் பேணுதல் வேறு, அதன் இயல்பை மாற்றுதல் வேறு, முன்னதற்கு இயற்கை துணைநிற்கும், பின்னதற்கு நில்லாது, பின்னதற்கும் இயற்கையே துணையென்று சொல்லி விற்பார் கூற்றை நம்புதல் கேடு பயக்கும் என்பதே.

பிரேசில் தென்னமெரிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியைத் தன்னகத்தே கொண்ட பெருநாடு. 2022-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், நூற்றுக்கு 45.3 பேர் தம்மைக் கலப்பினத்தார் என்றும், 43.5 பேர் வெள்ளையர் என்றும், 10.2 பேர் கறுப்பர் என்றும் கூறிக்கொண்டனர். ஆதலின் நேர்க்கூந்தலும் நெளிகூந்தலும் சுருட்கூந்தலும் அங்கு ஒரே தெருவிலும், ஒரோவழி ஒரே வீட்டிலுங்கூடக் காணப்படும். அக்கூந்தல்களைப் பேணுதற்கு அந்நாட்டு நிலம் அளித்துள்ள பொருள்களோ பலவாம்.

வடகிழக்கிலுள்ள மரன்யாவ் மாநிலத்தில் பாபாசு என்னும் பனையினம் காடாய் வளர்ந்துள்ளது. அதன் காய் மிகக் கடியது. கோடரியின் வாயை மேனோக்கி நிறுத்தி, அதனைக் காலின்கீழ் அழுத்திக்கொண்டு, காயை அதன்மேல் வைத்துக் கட்டையால் அடித்துப் பிளந்து, உள்ளிருக்கும் பருப்பை எடுப்போர் அவ்வூர்களின் ஏழை மகளிர். அப்பருப்பின் எண்ணெய் அடுக்களைக்கும் சவர்க்காரத்திற்கும் தலைக்கும் ஆகும். தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலமே இதன்கண்ணும் மிகுந்துள்ளது. நிலமுடையார் வேலியடைத்து இம்மகளிரைத் தோப்பினுட் புகாவண்ணம் தடுத்தகாலை, இவர்கள் ஒன்றுகூடிப் போராடினர். 1997-இல் லாகோ டூ ஜுங்கோ என்னும் ஊரின் ஆட்சிமன்றம், தனியார் நிலத்திலும் காய் பொறுக்கும் உரிமையை இவர்க்குச் சட்டத்தால் அளித்தது. தலைக்கு இடும் எண்ணெய்த் துளிக்குப் பின்னே இத்துணை உழைப்பும் உறுதியும் உண்டென்பதை எண்ணுக.

மழையற்ற வடகிழக்கு வறண்ட நிலத்தில், ஏனை மரங்கள் இலையுதிர்ந்து நிற்குங்காலத்தும் பசுமை மாறாது நிற்பது ஜுவசேரோ என்னும் மரம். இது நம் இலந்தைக்கு உறவான இனத்தது. இதன் பட்டையைச் சுரண்டி நீரிலிட்டால் நுரை பொங்கும். நம்மனோர் சீயக்காயாற் கூந்தலை அலசுமாறுபோல, அந்நிலத்தார் இந்நுரையால் தலையை அலசுவர். அமேசான் காட்டிலோ முருமுருப் பனையின் வித்திலிருந்து கெட்டியான வெண்ணெய் போன்றதொரு கொழுப்பும், புரிட்டிப் பனையின் கனியிலிருந்து செந்நிற எண்ணெயும், அண்டிரோபா மரத்தின் வித்திலிருந்து கைப்புடைய எண்ணெயும், பிரகாஷி மரத்தின் வித்திலிருந்து மயிரை வழுவழுப்பாக்கும் எண்ணெயும் கிடைக்கின்றன. இவையன்றி, சோற்றுக்கற்றாழை, ஆமணக்கெண்ணெய், வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றைத் தலைக்கிடுதலும் அங்கு வீடுதோறும் உள்ள வழக்கமேயாம்.

இவை யாவும் பேணும் முறைகள். மயிரின் வறட்சியை நீக்குதலும், முறியாவண்ணம் காத்தலும், சிக்கெடுத்தற்கு எளிதாக்குதலும் இவற்றின் பயன். சுருட்கூந்தல் இயல்பாகவே வறட்சியுறுவதாகலின், எண்ணெய் அதற்கு மிகவும் வேண்டப்படுவது. இதுகாறும் கூறியவற்றில் எவர்க்கும் ஐயமில்லை.

இனி, நேர்ப்படுத்தும் முறைகளை நோக்குவோம். அவற்றுள் மிக எளியது தோக்கா எனப்படுவது. ஈரக்கூந்தலைச் சீவித் தலையைச் சுற்றி ஒருபக்கமாக வளைத்துப் படிய ஒட்டி, ஊசிகளாற் பிணித்து, துணியால் மூடி வைப்பர். பின்னர் மறுபக்கமாகவும் அங்ஙனமே சுற்றுவர். நன்கு உலர்ந்தபின் அவிழ்த்தால் கூந்தல் நேராய் விழும். மற்றொன்று, சோளமாவைத் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் சேர்த்துக் கூழாகக் காய்ச்சித் தலையிற் பூசிச் சிறிதுநேரம் வைத்து அலசுதல். மூன்றாவது, இரும்புச் சீப்பை அடுப்பிற் காய்ச்சி, எண்ணெய் தடவிய கூந்தலில் இழுத்தல். நெற்றியும் காதும் சுட்டுப் புண்ணான மகளிர் இதனால் எண்ணிறந்தோர். நான்காவது ஏனே எனப்படும் கருங்களிம்பு. அதன் பெயர் மருதோன்றியை நினைப்பூட்டுவதாயினும், அதன்கண் வினை செய்வது பைரோகலால் என்னும் வேதிப்பொருளேயாம்.

இவற்றின் ஆற்றல் எத்துணையதென்று அறிதற்கு, மயிரின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். மயிர் கெரட்டின் என்னும் புரதத்தாலாயது. அப்புரத இழைகளைக் கட்டி நிற்கும் பிணைப்புக்களுள் இரண்டு ஈண்டுக் கருதற்பாலன. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. அது நீரால் நெகிழ்ந்து, உலருங்கால் மீண்டும் இறுகும். மற்றொன்று கந்தகப் பிணைப்பு. அது நீருக்கும் எண்ணெய்க்கும் அசையாது. தோக்காவும் சூட்டுச் சீப்பும் முன்னதையே மாற்றுகின்றன. ஆதலின், அடுத்த மழைத்துளியோ வியர்வையோ பட்டவளவில் கூந்தல் தன் பழைய சுருளுக்கே மீளும். சோளமாக் கூழோ மயிரின்மேற் போர்வையாய்ப் படிந்து அதன் எடையாற் சற்றே தாழ்த்துவதன்றி, உள்ளே புகுந்து ஒன்றையும் மாற்றுவதன்று. சுருளின் பிறப்பிடமாகிய மயிர்க்காலின் வளைவை எவ்வெண்ணெயும் நிமிர்த்தாது. எனவே, மாதக்கணக்கில் நிலைக்கும் நேர்மையை இயற்கைப் பொருளாலேயே தருவோம் என்பார் இருவகையினர்: தம் பொருளால் ஒன்றும் நிகழாதென்பதை மறைப்போர் ஒருவகை; அதனுள் இயற்கையல்லாத ஒன்று உளதென்பதை மறைப்போர் மற்றொருவகை.

நிற்க. சுருண்ட கூந்தலை நேராக்க வேண்டும் என்னும் வேட்கை எங்கிருந்து வந்தது? 16-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆப்பிரிக்காவினின்று ஏறத்தாழ 48 இலட்சம் மக்கள் அடிமைகளாகப் பிரேசிற் கரையில் இறக்கப்பட்டனர். அமெரிக்கக் கண்டத்து நாடுகளுள் அடிமைமுறையை இறுதியாக ஒழித்த நாடும் அதுவே. 1888-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாளன்று அச்சட்டம் நிறைவேறியது. விலங்கு ஒழிந்தது, விலங்கிட்டவன் கண்கொண்டு பார்க்கும் பார்வை ஒழியவில்லை. நேர்க்கூந்தலை நல்ல மயிர் என்றும், சுருட்கூந்தலைத் தீய மயிர் என்றும் வழங்கும் வழக்கு அந்நாட்டு மொழியில் வேரூன்றியது. வேலைக்கு ஆள் வேண்டுமென்னும் விளம்பரங்களில் நல்ல தோற்றம் வேண்டும் என்று எழுதி வந்தனர். அதன் உட்பொருள் கறுப்பர் வரற்க என்பதென யாவரும் அறிந்திருந்தனர். நிறவேற்றுமை பாராட்டுதலைத் தண்டித்தற்குரிய சட்டம் 1951-இல் இயற்றப்பட்ட பின்னரும், அத்தகைய விளம்பரங்கள் உடனே மறைந்தொழியவில்லை. இந்நிலையில் ஒருத்தி சீப்பைத் தீயிற் காய்ச்சினாளாயின், அவள் நாடியது அழகை மட்டுமோ? அன்று, தன் மக்களுக்கு உணவளிக்கும் வேலையையும் நாடினாள்.

ஈதிங்ஙனமாக, அதே மரன்யாவ் மாநிலத்துக் கறுப்பின மக்களிடையே ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. ஆப்பிரிக்கத் தாயொருத்தி தன் கூந்தலுள் நெல்மணிகளை ஒளித்துக் கொணர்ந்தாள். அதனாலேயே அந்நிலத்தில் நெல் விளைந்தது என்பர் அம்மக்கள். இதனை ஜூடித் கார்னி என்னும் புவியியற் பேராசிரியை கேட்டறிந்து எழுதியுள்ளார். வரலாற்றாசிரியர் இதனை எவ்வாறு கொள்ளினும், அம்மக்கள் தம் கூந்தலை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தீய மயிர் என்று பிறர் பழித்ததை, வித்துக்களைக் காத்த களஞ்சியமென அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்.

இனி, இக்காலத்துக் கேட்டைக் கூறுவோம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் எஸ்கோவா புரோகிரசீவா என்னும் புதுமுறையொன்று பரவியது. கெரட்டின் கலந்ததென்று சொல்லப்படும் நீர்மத்தைத் தலையிற் பூசி, 200 பாகை செல்சியசுக்கு மேற் காய்ந்த தகட்டால் அழுத்தி, மாதக்கணக்கில் நிலைக்குமாறு கூந்தலை நேராக்குவர். அந்நிலைப்பிற்குப் பலவிடத்துங் காரணமாயிருந்தது கெரட்டின் அன்று. ஃபார்மால்டிஹைடு என்னும் நஞ்சு. பிணங்களைக் கெடாது காத்தற்குப் பயன்படும் ஃபார்மலின் இதன் கரைசலே. மக்கட்குப் புற்றுநோய் விளைப்பதென 2004-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதனை வகைப்படுத்தியது. பிரேசில் அரசின் சுகாதாரக் கண்காணிப்பு நிறுவனமாகிய அன்விசா, நேர்ப்படுத்துதற்கு இதனைப் பயன்படுத்தலை ஏற்காது, 2009-இல் மருந்துக்கடை முதலியவற்றில் இதனை விற்றலையும் தடுத்தது. எனினும், 2010, 2011-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டு அதிகாரிகள் ஆராய்ந்தபோது, ஃபார்மால்டிஹைடு இல்லை என்று எழுதிய புட்டிகளுள்ளும் அது இருக்கக் கண்டனர்.

அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் குற்றமற்றதன்று. 26 வயதுப் பெண்ணொருத்திக்கு, 2020-க்கும் 2022-க்கும் இடையே அதனால் கூந்தலை நேராக்கிக்கொண்ட மும்முறையும் சிறுநீரகம் பழுதுற்ற செய்தியை 2024-இல் மருத்துவர் வெளியிட்டனர். அமெரிக்காவில் 33,497 மகளிரை ஏறத்தாழப் பதினோராண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2022-இல் வெளியாயிற்று. நேர்ப்படுத்தும் வேதிப்பொருளைப் பயன்படுத்தாதாருள் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் அடைவோர் நூற்றுக்கு 1.64 என்றும், ஓராண்டில் நான்கு முறைக்கு மேற் பயன்படுத்துவாருள் 4.05 என்றும் அவ்வாய்வாளர் மதிப்பிட்டனர். இஃது ஒரு தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை முற்ற நிறுவியதாகாது; ஆயினும் அறிவுடையார் அஞ்சுதற்கு இது போதும். தலை கொடுப்பவள் ஆண்டில் இரண்டு மூன்று முறை அப்புகையை உட்கொள்வாள். அழகு நிலையத்திற் கூலிக்கு நிற்பவளோ நாடோறும் உட்கொள்கின்றாள். அவளைக் குறித்து விளம்பரம் ஒன்றும் பேசுவதில்லை.

ஈண்டு ஒருவர் வினவலாம்: தன் கூந்தலைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளப் பெண்ணொருத்திக்கு உரிமையில்லையோ? அவள் நேர்க்கூந்தலை விரும்பின் அதனைத் தடுத்தற்கு நீவிர் யாவர்? என. இவ்வினா நேரியதே. யாம் தடுக்க வந்தோமல்லோம். அடுத்த முழுக்கு வரையிலே நிற்பது என்றறிந்து தோக்கா சுற்றிக்கொள்பவளிடம் யாம் ஒரு குறையுங் காண்கிலோம். அதுவும் ஓர் ஒப்பனையே. ஆனால் விருப்பம் என்பது உரிமையாதற்கு இரண்டு வேண்டும். புட்டியினுள் இருப்பது யாதென்று மெய்யாக அறிதல் ஒன்று. மறுத்தால் வேலையோ மதிப்போ இழக்க நேராமை மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாதவிடத்து, விருப்பம் என்னும் பெயரால் நடப்பது வற்புறுத்தலேயாம்.

பிரேசில் மக்களே இதனை உணர்ந்து வருகின்றனர் என்பது மகிழ்தற்குரியது. 1974-இல் சால்வடோர் நகரிற் தோன்றிய இலே ஆயே என்னும் கறுப்பர் இசைக்குழு, பின்னிய கூந்தலையும் சுருண்ட கூந்தலையும் திருவிழாத் தெருவிற் பெருமையொடு கொணர்ந்தது. பெலோ ஒரிசோந்தி நகரத்துக் கறுப்பர் கூந்தல் நிலையங்களை ஆராய்ந்த பேராசிரியை நில்மா லீனோ கோமேஸ், அவை அழகுபடுத்தும் இடங்களாதலோடு தன்மதிப்பைப் பயிலும் இடங்களுமாம் என்று கண்டு 2006-இல் நூலாக வெளியிட்டார். 2015-இல் சாவ் பாவுலோ நகரிற் சுருட்கூந்தலின் பெருமைக்கென மகளிர் அணிவகுத்துச் சென்றனர். நேராக்கிய பகுதியை வெட்டியெறிந்துவிட்டுத் தம் இயல்பான கூந்தலை மீண்டும் வளர்ப்போர் தொகையும் பெருகியது. அவர்க்குத் துணைநின்றவை யாவை? பாபாசும் முருமுருவும் கற்றாழையும் ஆகிய அப்பழைய பேணற் பொருள்களே. நேராக்குதற்கு உதவாத எண்ணெய், சுருளைப் போற்றுதற்கு நன்கு உதவியது.

இவையெல்லாம் தொலைவிலுள்ள நாட்டின் செய்தி எனக் கருதி விடுதற்கில்லை. பிரேசிலின் பெயரையும் கெரட்டினின் பெயரையும் தாங்கிய பலகைகள் இன்று நம் நகரத்து அழகு நிலையங்களிலும் தொங்குகின்றன. கல்லூரி மாணவியர் திருமணத்திற்கும் விழாவிற்கும் அங்குச் செல்கின்றனர். செல்வார் செல்லுக, ஆயின் நாற்காலியில் அமருமுன் மூன்று வினாக்களை வினவுக. இதனுள் இருப்பது யாது? இதன் புகையை நுகரும் பணிப்பெண்ணுக்குக் காற்றோட்டமும் காப்பும் உளவோ? என் கூந்தல் இருந்தவாறே இருத்தல் கூடாதென்று எனக்கு முதலிற் சொன்னவர் யாவர்? முதலிரண்டிற்கும் விடை சொல்லாத கடையை விட்டு எழுந்து வருக. மூன்றாவதற்கு விடை கடைக்காரரிடம் இல்லை. அதனை அவரவரே தேடிக் காணல் வேண்டும்.