இரவல் வீரர்கள்

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஊரார் ஊட்டி வளர்த்த பிள்ளையை ஒரு பொதுக் காரியத்துக்காகக் கேட்டு வாங்குவது எவ்வாறு என்பதைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளோடு காலங்கழித்துவரும் நாம், அதனை ஒரு கணினி விளையாட்டிலிருந்து கற்க நேர்ந்தது என்றால் நேயர்கள் நகைப்பீர்கள். நகைத்த பின்னர் மேலே படியுங்கள்.

எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது ஐரோப்பிய நாடொன்றில் வாழ்கின்றான். விடுமுறையில் ஊருக்கு வந்தவன், சென்ற மாதம் ஒருநாள் மாலை எம்மைப் பார்க்க வந்தான். விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோதே அடிக்கடி கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தான். நாம் முகஞ்சுளித்ததை அவன் கவனித்திருக்கவேண்டும்.

"குறை நினையாதேங்கோ, சேர். ஆட்டம் தொடங்க முந்தி ஐந்து பேரையும் குறிச்சு வைக்கவேணும். பிந்தினால் ஒண்டும் செய்யேலாது" என்றான்.

"என்ன ஆட்டம், தம்பி?"

"கூடைப்பந்து, சேர்."

வகுப்பில் இருந்த காலத்தில் பந்தைத் தொட்டும் அறியாதவன் அவன்! நாம் வியப்படைந்து கேட்க, அவனும் விரிவாகச் சொன்னான்.

'பஸர்பீற்றர்' என்பது அவ்விளையாட்டின் பெயர். 2007ஆம் ஆண்டில் இணையத்திலே தொடங்கப்பட்டது. உதைபந்தாட்டத்துக்கு இதே வகையில் அமைந்த 'ஹட்ரிக்' என்னும் விளையாட்டு, சுவீடன் நாட்டில் 1997இலேயே தோன்றிவிட்டது. இங்கே விரல்நுனியின் வேகத்துக்கு வேலை இல்லை, பொறுமைக்கே வேலை. ஆளுக்கொரு கழகம். கழகத்துக்கு வீரர்கள், பயிற்சியாளர், ஆடுகளம், வரவுசெலவு எல்லாம் உண்டு. வீரர்கள் கற்பனை மாந்தர்; அவர்களுடைய சொந்தக்காரர்களோ பல நாடுகளிலும் பரந்திருக்கும் மெய்யான மனிதர்கள். வெற்றி தோல்வியைக் கணினி கணித்துச் சொல்லும். வென்ற கழகம் மேற்பிரிவுக்கு ஏறும். தோற்ற கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும்.

பதினெட்டு வயதில் ஒரு வீரன் கழகத்துக்கு வந்து சேர்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவ்வுலகத்தின் ஒரு பருவம் நம்முடைய கணக்கில் 14 வாரங்கள். ஒரு பருவம் கழிந்தால் அவனுக்கு ஒரு வயது கூடும். இருபத்தைந்து வயதுவரை அவனை வளர்த்தெடுப்பதாயின் 98 வாரங்கள் செல்லும். அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். வாரந்தோறும் எறிதல், பந்து கடத்தல், தடுத்தல் என்று ஏதாவதொரு திறனில் பயிற்சி. திறன் ஏற ஏற அவனுடைய சம்பளமும் ஏறும். இப்படிக் காத்து வளர்த்தவர்களுக்குத் தம் வீரன்மேல் ஒரு பற்று ஏற்பட்டுவிடுவது இயல்பே அல்லவா?

இனித்தான் நாம் சொல்லவந்த விஷயம். கழகங்களுக்கு மேலாக ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேசிய அணி உண்டு. இருபத்தொரு வயதுக்கு மேற்படாதவர்களுக்கென வேறோர் அணியும் உண்டு. இவற்றின் முகாமையாளரை அந்நாட்டுக் கழகக்காரர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்கின்றனர். பதவியின் பெயர் பெரிது. கையில் உள்ளதோ வெறுமை. தேசிய அணிக்கென்று சொந்தமாக ஒரு வீரன்கூட இல்லை. எல்லோரும் இரவல். வீரனின் திறனை நன்கு அறிந்தவர் அவனுடைய சொந்தக்காரரே. அவனை எதிலே பயிற்றுவது, எவ்வளவு நேரம் ஆடவிடுவது என்பவற்றைத் தீர்மானிப்பவரும் அவரே. வாரத்தில் அளவுக்கு மிஞ்சி ஆடினாலும் வீரனின் உடல்நிலை கெடும். ஆடாமல் இருந்தாலும் கெடும். சிலவேளை வீரன் வேறு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டிருப்பான். அப்போது முன்பின் அறியாத அந்நியர் ஒருவருக்கு மடல் எழுதவேண்டும். ஆகவே தேசிய முகாமையாளரின் தொழிலில் முக்காற்பங்கு, கேட்பது. வியூகம் வகுப்பதெல்லாம் மீதிக் காற்பங்கு.

எம் மாணவனிடம் அப்படி ஒரு வீரன் இருந்தான். உயரமானவன், கூடைக்கருகே நின்று ஆடும் 'சென்ரர்'. ஒருநாள் தேசிய முகாமையாளரிடமிருந்து மடல் வந்தது. "உங்கள் வீரனிடம் நல்ல அடித்தளம் இருக்கின்றது. ஆயின் பந்து கடத்துவதிலும் வெளிவட்டத் தடுப்பிலும் அவன் குறைவுள்ளவன். இவ்விரண்டையும் கற்பித்துத் தர முடியுமா?" என்பது அதன் சாரம்.

கேட்பதற்குச் சிறிய வேண்டுகோள். அதன் விலையோ பெரிது. அவ்விளையாட்டின் விதிப்படி, ஒரு வீரன் எந்த இடத்தில் நின்று ஆடுகின்றானோ அந்த இடத்துக்குரிய பயிற்சிதான் அவனுக்கு முறையாகச் சேரும். பந்து கடத்தக் கற்கவேண்டுமானால் அந்த நெடியவனை, பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி ஆட்டத்தை நடத்தும் 'கார்ட்' இடத்தில் நிறுத்தவேண்டும். பனைமரத்தைப் பிடுங்கிக் கத்தரிப்பாத்தியில் நட்டது போலத்தான்! அவன் பந்தை இழப்பான்; கழகம் தோற்கும். ஓரிரு வாரமல்ல, மாதக்கணக்காக.

"முதலில் மாட்டன் எண்டு எழுதிப்போட்டன், சேர். என்ரை கழகம் கீழை போனால் அவருக்கென்ன எண்டு நினைச்சன்" என்றான் அவன்.

முகாமையாளர் கோபிக்கவில்லை. மறுமொழி எழுதினார். எந்த ஆட்டங்களில் தோற்றாலும் பாதகமில்லை, எவற்றிலே அவனைப் பழைய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எம் மாணவனின் கழக அட்டவணையை முன்வைத்தே கணக்கிட்டு அனுப்பினார். "கீழ்ப்பிரிவுக்கு இறங்க நேரலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை" என்று முடிவிலே குறித்திருந்தார். அந்த ஒரு வரிதான் அவன் மனத்தை மாற்றியதாம்.

இது கற்பனை உலகத்துச் சங்கதி என்று தள்ளிவிடவேண்டாம். 1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் பீச் பழக்கூடையை மாட்டி இவ்விளையாட்டை உண்டாக்கினார். அவ்வமெரிக்கா, 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலே தன் முதலாவது ஆட்டத்தில் சின்னஞ்சிறு புவேர்ட்டோ றிக்கோவிடம் 73க்கு 92 என்ற புள்ளிக்கணக்கில் தோற்று, ஈற்றில் வெண்கலத்துடன் திரும்பியது. முன்னணி வீரர் பலர் அழைப்பை ஏற்காதிருந்தமை காரணங்களுள் ஒன்று. 2005இல் அணியின் முகாமைப் பொறுப்பை ஏற்ற ஜெரி கொலாஞ்சலோ செய்தது யாது? வீரர்களைச் சந்தித்து, ஒரு கோடைக்காலத்துக்கு அன்று, மூன்று ஆண்டுகளுக்கு வருவீர்களா என்று கேட்டார். பயிற்சியாளராக மைக் சஷெவ்ஸ்கியை அமர்த்தினார். 2006 உலகக் கிண்ண அரையிறுதியில் கிரேக்கத்திடம் தோற்றபோதும் அந்த ஏற்பாடு குலையவில்லை. 2008இல் பெய்ஜிங்கிலே ஸ்பெயினை 118க்கு 107 என்று வென்று தங்கம் பெற்றார்கள்.

கேளாமல் விதி செய்தால் நேர்வது என்ன என்பதற்கும் சான்று உண்டு. 2017 நவம்பரில், கழகப் போட்டிகள் நடைபெறும் பருவத்தின் நடுவிலேயே உலகக் கிண்ணத் தகுதியாட்டங்கள் வைக்கப்பட்டன. அமெரிக்காவின் என்.பி.ஏ. தன் வீரர்களுக்காக அட்டவணையை நிறுத்தவில்லை. ஐரோப்பாவின் யூரோலீக்கும் நிறுத்தவில்லை. தேசிய அணிகள் பல தம் சிறந்த வீரர்களின்றியே களம் இறங்கின. சம்பளம் கொடுத்து வளர்க்கும் கழகத்துக்கும் கொடி பிடிக்கும் நாட்டுக்கும் இடையிலான வழக்கு இன்று நேற்று முளைத்ததன்று; எளிதில் தீர்வதுமன்று.

"பிறகு உன் கழகம் என்னவாயிற்று?" என்று கேட்டோம்.

"கீழை போட்டுது, சேர்" என்று சிரித்தான். "என்ரை ஆள் தேசிய அணிக்குப் போனான். ஆனால் பெரிய ஆட்டத்திலை கடைசியிலை கொஞ்ச நேரம்தான் இறக்கினவை. அதிலையும் தோல்வி."

அவ்வளவுதானா என்று எமக்கு ஏமாற்றமாக இருந்தது. அவன் தொலைபேசியில் எதையோ தேடி எடுத்து எம்மிடம் நீட்டினான். தோற்ற அன்றிரவே அந்த முகாமையாளர் எழுதிய மடல். நாம் ஆட்டத்தில் தோற்றோம், உங்கள் வீரனைப் போதிய நேரம் ஆடவிடாதது என் பிழை, உங்கள் கழகம் இழந்ததை நான் மறக்கவில்லை என்னும் பொருள்பட நாலைந்து வரிகள். பன்னிரண்டு வீரர்களின் சொந்தக்காரர்களுக்கும் தனித்தனியே எழுதினாராம். எம் மாணவன் அவரை ஒருநாளும் நேரிற் கண்டதில்லை. அடுத்த தேர்தலிலும் அவருக்கே வாக்களித்தான்.

அவன் விடைபெற்றுச் சென்ற பின் எமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலைக் கூடைப்பந்து அணிக்கு நாம் பொறுப்பாக இருந்தோம். உயரமும் வேகமும் வாய்ந்த பையன் ஒருவன் இருந்தான். அவனுடைய தந்தையார் சந்தியிலே சிறு தேநீர்க்கடை வைத்திருந்தார். தாயார் நோயாளி, மாலையிலே கடையில் கைகொடுக்கப் பையனைத் தவிர வேறு ஆளில்லை. இதெல்லாம் எமக்குத் தெரியும். தெரிந்தும், வெளியூர்ப் போட்டிக்கான பட்டியலில் அவன் பெயரை எழுதி, "நாளை காலை ஆறு மணிக்கு நிற்கவேண்டும்" என்று அவனிடமே சொல்லி அனுப்பினோம். பாடசாலையின் பெயருக்கு முன்னால் ஒரு தேநீர்க்கடை எம்மாத்திரம் என்பது எம் எண்ணம்.

மறுநாள் பஸ் புறப்படும் வேளையில் தந்தையார் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மகனைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிச் சென்றார். அதன்பின் அந்தப் பையன் பந்தைத் தொடவில்லை. ஆசிரியர் அறையில் நாம் அம்மனிதரைப் பற்றி, விளையாட்டின் அருமை தெரியாதவர் என்று பலமுறை பேசியிருக்கின்றோம்.

வளர்த்தவரிடம் கேளாமல் எடுத்தவர் நாம். கண்ணாற் காணாத கற்பனை வீரனுக்காக ஓர் அந்நியர் இரண்டு மடல் எழுதினார். அரைக்கட்டைத் தூரத்தில் இருந்த கடைக்கு நடந்துபோக எமக்குக் கால் எழவில்லை.

சென்ற சனிக்கிழமை போனோம். கடை அங்கேதான் இருக்கின்றது. அவர் தளர்ந்துவிட்டார், ஆயினும் எம்மைக் கண்டதும் எழுந்து வாங்கைத் துடைத்துவிட்டார். மகன் கொழும்பிலே வேலை செய்கின்றானாம். நாம் தயங்கித் தயங்கிப் பழைய கதையை எடுத்தோம். அன்று நாம் செய்தது பிழை என்றோம்.

அவர் தேநீரை ஆற்றியபடியே சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு சொன்னார்:

"ஒரு சொல்லு வந்து கேட்டிருந்தால், கடையைப் பூட்டிப்போட்டு நானும் மட்ச் பாக்க வந்திருப்பன், மாஸ்ரர்."

தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.