"புதிதாக ஏதாவது கிடைத்ததா?" "ஒன்றுமில்லை!"

பழைய நூல் சேகரிப்போர் இருவர் சந்தித்துக்கொண்டால் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "புதிதாக ஏதாவது கிடைத்ததா?" விடையும் ஒன்றுதான்: "பெரிதாக ஒன்றுமில்லை." சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது பொய் என்று தெரியும். ஆயினும் இருவரும் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்து எழுந்து போவார்கள். இந்தப் பொய்யை நம் கூட்டத்தின் மரியாதையாகவே வளர்த்து வைத்திருக்கிறோம். அதை எதிர்த்துத்தான் இக்கட்டுரை. பிறர்மீது கல்லெறிய அன்று. நாங்களும் இதே பொய்யைப் பலமுறை சொன்னவர்கள்தாம்.

எங்கள் நண்பர் ஒருவர் சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ்களை முழுமையாகத் திரட்ட ஆசைப்பட்டார். 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை வந்தவை மொத்தம் 119 இதழ்கள். அவரிடம் இருந்தவை பாதிக்கும் குறைவு. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் ஞாயிறுதோறும் குனிந்து குனிந்து முதுகு வலித்ததுதான் மிச்சம். ஆறாண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது, மாதந்தோறும் அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசிய இன்னொரு நண்பரிடம் எஞ்சியவற்றுள் பெரும்பகுதி இருந்தது என்பது. தெரியவந்த விதந்தான் கொடுமை. அந்த நண்பர் காலமாகி, வாடகை வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில், கட்டுகள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. கடைக்காரரிடம் எஞ்சியிருந்த நான்கைந்து இதழ்களின் ஓரத்தில் அவருடைய கையெழுத்தைக் கண்டு நாங்கள் வாயடைத்து நின்றோம்.

குடும்பத்தாரைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அந்தக் கட்டுகளின் மதிப்பை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நம்மிடம் மறைத்தவர் வீட்டாரிடமும் மறைத்தார். மறைக்கப் பழகியவனுக்கு யாரிடம் நிறுத்துவது என்று தெரிவதில்லை.

மறைப்பதற்குக் காரணமே இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. இரவல் போன நூல் திரும்புவதில்லை; திரும்பினாலும் அட்டை கிழிந்து, படப்பக்கம் காணாமல் வருகிறது. ஒளிநகல் எடுக்க வாங்கிப்போனவர், அதை வைத்தே மறுபதிப்புப் போட்டுவிட்டு, முன்னுரையில் ஒரு வரி நன்றிகூட எழுதாமல் விடுகிறார். இன்னாரிடம் இன்ன நூல் இருக்கிறது என்று தெரிந்தால் விலை பேச ஆள் வருகிறது. இவையெல்லாம் நாமறிந்த காயங்கள். காயம் செய்தவர்களுள் நாங்களும் உண்டு. ஒரு பெரியவரிடம் வாங்கிய பைண்டு செய்த தொகுதியை இரண்டாண்டுகள் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தோம். அவர் கேட்கவில்லை. பிறகு யாருக்கும் கொடுக்கவுமில்லை. அவருடைய அலமாரிக்குப் பூட்டுப் போட்டது எங்கள் கைதான்.

ஆனால் பூட்டு நூலைக் காப்பாற்றுகிறது என்பது வெறும் மயக்கம். ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புழக்கத்துக்கு வந்த மரக்கூழ்த் தாளுக்கு உள்ளேயே அமிலம் இருக்கிறது. அது பழுத்து, முறுகி, தொட்டால் பொடியாகும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் ஊரில் இது இன்னும் விரைந்து நடக்கும். கரையானும் இராமபாணமும் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளும் சேர்ந்து எரிந்தன. ஒரே பிரதி, ஒரே இடம், அறிந்தவர் ஒருவரே என்ற நிலைதான் ஒரு நூலுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து. அந்த நிலையை நாமே விரும்பி உண்டாக்கிவிட்டு, அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயரிட்டிருக்கிறோம்.

இந்தக் கதை நமக்குப் புதிதன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப்போன உ.வே. சாமிநாதையருக்கு, அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்ற விடைதான் கிடைத்தது. அதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். எரித்தவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். கையில் இருப்பது என்னவென்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அவ்வளவுதான்.

உடனே ஒருவர் எழுந்து கேட்பார்: "சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கவேண்டும் என்று சி.வை. தாமோதரம்பிள்ளை கேட்டபோது ஐயரே கொடுக்கவில்லையே!" உண்மைதான். ஆனால் கொடுக்காத ஐயர் அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாரா? 1887இல் அச்சிட்டு உலகின் கையில் கொடுத்தார். தம் பதிப்புகளின் முகவுரைகளில், எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்று ஊரும் பேரும் எழுதினார். அடுத்த ஊரில் அடுத்த வீட்டுக் கதவு திறக்க அந்தப் பட்டியலும் உதவியிருக்கும் என்றே நாங்கள் கருதுகிறோம். கொடுத்தவரின் பெயர் மறைக்கப்படாது என்பதைவிடப் பெரிய உறுதிமொழி சேகரிப்பாளனுக்கு வேறு ஏது?

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தார். தனி ஒருவராக அவர் திரட்டியவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அது எடைக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம், அவரிடம் என்ன இருக்கிறது என்று ஆய்வாளர்கள் பலருக்கு அவர் வாழ்நாளிலேயே தெரிந்திருந்ததுதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று தலைப்பிலேயே இருக்கும். நேரில் பார்த்தே இராதவர்கள் பல நாடுகளிலிருந்து ஒருவரையொருவர் நம்பி இவ்வளவு பணி செய்ய முடிகிறது. ஒரே ஊரில், ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் நம்மால் முடியவில்லை!

நம்பிக்கை வானத்திலிருந்து விழாது. "நம்புங்கள்" என்று மேடையில் முழங்கினாலும் வராது. சிறுசிறு நடைமுறைகளால் மட்டுமே வரும். இரவல் வாங்கினால் நூலின் பெயர், அதன் நிலை, திருப்பித் தரும் தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதில் அவமானம் ஒன்றுமில்லை. கிழிந்துவிட்டால் கிழிந்தது என்று, அவர் கண்டுபிடிக்கும் முன்னரே சொல்ல வேண்டும். பயன்படுத்தினால் அச்சில் பெயர் சொல்ல வேண்டும். கொடுக்க மனமில்லாதவர் "இருக்கிறது, ஆனால் தர இயலாது" என்று நேராகச் சொல்லட்டும். அதைக் கேட்டு முகம் சுளிக்காதிருக்க நாம் பழக வேண்டும். 'தரமாட்டேன்' என்பது உரிமை. 'இல்லை' என்பது பொய். இவ்விரண்டுக்கும் இடையேதான் அந்த 'எழுத்து' இதழ்கள் போயின.

ஆகவே எங்களிலிருந்தே தொடங்குகிறோம். எங்கள் குழுவினர் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளவற்றின் பட்டியலை எழுதி, ஒரு பிரதியை வீட்டாரிடமும் மற்றொன்றை நண்பர் ஒருவரிடமும் தருவது என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டாண்டுகள் வைத்திருந்த அந்தத் தொகுதியைப் பெரியவரிடம் சென்ற வாரம் சேர்த்துவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். அது அவர் உரிமை.

அடுத்த முறை சந்திக்கும்போது "புதிதாக ஏதாவது கிடைத்ததா?" என்று நீங்கள் கேட்டால், நாங்கள் உண்மையைச் சொல்வோம். நீங்களும் சொல்லுங்கள்.