மகிழ்ச்சி யாண்டுளது?

உலகில் மகிழ்ச்சியை விரும்பாதார் ஒருவரும் இலர். ஆயினும் அஃது எப்பொழுது வரும் என்று வினவின், பரீட்சையில் தேறியபின் என்பர் மாணவர். உத்தியோகம் கிடைத்தபின் என்பர் தேறியவர். ஓய்வு பெற்றபின் என்பர் உத்தியோகத்தர். ஐக்கிய நாடுகள் சபை 2012-ஆம் ஆண்டில், மார்ச்சு 20-ஆம் நாளை உலக மகிழ்ச்சி நாளாக அறிவித்தது. நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்தல் எளிது. ஏனைய நாட்களில் அதனை வளர்ப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காணத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னைத் துறைமுகத்தினின்று வடக்கே எண்ணூர் வரை நடந்து சென்றால் போதும்.

இராயபுரம், வண்ணாரப்பேட்டை முதலிய இடங்களின் குறுகிய தெருக்களில், மாலை வேளைகளில் கேரம் பலகையைச் சூழ்ந்து அமர்ந்திருப்போரைக் காணலாம். பலகையில் மனம் ஒன்றியிருக்கும் பொழுது, ‘நான் மகிழ்ச்சியாய் இருக்கின்றேனா?’ என்று எவரும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. புதுவண்ணாரப்பேட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளாய்ப் பிறந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். பதக்கம் சில நாட்களில் வந்தது. அதற்குரிய பயிற்சியோ பல ஆண்டுகளுக்குரியது. அவ்வாண்டுகளில் இன்பமே இல்லையெனின், அப்பயிற்சி நிலைத்திராது. மகிழ்ச்சி தன்னைத் தேடுவாரிடம் ஒளிந்து, செய்தொழிலில் ஒன்றினாரிடம் தானே வந்து அமர்வதாம்.

மேலும் வடக்கே சென்றால், திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி உளது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராகிய அவர், காதொடிந்த ஊசியொன்றால் செல்வத்தின் நிலையாமையை உணர்ந்து துறவு பூண்டார் என்பது வழிவழியாய் வரும் வரலாறு. எல்லோரும் துறவு பூணல் இயலாது. ஆயினும் ஆசைக்கு ஓர் எல்லை வகுத்தல் எவர்க்கும் இயலும். ‘எனக்கு இது போதும்’ என்பவன் தோளினின்று ஒரு பெருஞ்சுமை இறங்குகின்றது.

ஆனால், ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். உள்ளதைக் கொண்டு திருப்தி அடைக என்று வயிறு நிறைந்தவர் வயிறு காய்ந்தவர்க்கு உபதேசித்தல் எளிது. ஆலைப் புகையைச் சுவாசித்து வாழ்வோரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுதல் அறமாகுமா? ‘போதும்’ என்னும் சொல் நம் தேவைகளைக் குறித்து நாமே சொல்லத்தக்கது. பிறர் துன்பத்தைக் குறித்துச் சொல்லத்தக்கதன்று.

எண்ணூர் இதனை நமக்கு உணர்த்துகின்றது. 2017 ஜனவரி 28-ஆம் நாள், அங்குள்ள துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியதால் கசிந்த எண்ணெய், கரையில் கருங்குழம்பாய் ஒதுங்கியது. மீனவரும் மாணவரும் தொண்டரும் பிறரும் வாளிகளைக் கொண்டு அதனை அள்ளி அகற்றினர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப்பின் எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவ, மீனவர் மறுபடியும் அவ்வேலையில் இறங்க நேர்ந்தது. வலையும் படகும் கெட்டவர்க்கு அது துயரமே. அதனை இன்பமென்பது பொய்யாகும். எனினும், துயருற்றவன் பக்கத்தில் மற்றொருவன் வாளியோடு வந்து நிற்கும்பொழுது, இருவர் உள்ளத்திலும் ஏதோ ஒன்று தளிர்க்கின்றது. ஹார்வர்டு சர்வகலாசாலையார் 1938-ஆம் ஆண்டு தொடங்கி நடத்திவரும் ஆராய்ச்சியும், நல்லுறவுகளே மகிழ்ச்சிக்கும் உடல்நலத்திற்கும் சிறந்த துணை என்று காட்டுகின்றது.

மாணவ நண்பர்காள்! நாடோறும் ஒரு நாழிகையேனும் கைத்தொழிலிலோ கல்வியிலோ விளையாட்டிலோ மனமொன்றிப் பழகுவோம். வேண்டாத ஓர் ஆசையையேனும் விடுவோம். அதனால் மிஞ்சும் பொழுதையும் பொருளையும் அயலான் ஒருவனுக்கு உதவுவோம். அவன் துன்பத்தின் காரணத்தை நீக்கவும் அவனோடு நிற்போம். நமக்குப் ‘போதும்’ என்றும், பிறர்க்குப் ‘போதாது’ என்றும் சொல்லக் கற்றவனிடத்தே மகிழ்ச்சி குடிகொள்ளும். அதனை நாளைக்கு ஒத்திவையாது, இன்றே தொடங்குவோமாக.